வரிப் பாக்கிக்கு வீடு ஏலமா?

உழைப்பாளி ஒருவர் தம் ஆயுளில் ஒரு வீடுதான் கட்டுகிறார். மில்லில் வாங்கிய போனஸ், மனைவியின் தோடு, சீட்டுப் பணம், உறவினரிடம் வாங்கிய கைமாற்று, நடவிலும் அறுப்பிலும் மிச்சம் பிடித்த கூலி, இத்தனையும் சேர்ந்துதான் நாலு சுவர் எழும்புகிறது. அந்தச் சுவரில் ஒருநாள் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். வரி பாக்கி, குறித்த தேதிக்குள் செலுத்தாவிட்டால் ஜப்தி என்கிறது அந்தக் காகிதம். பாக்கி சில ஆயிரம். வீடோ சில லட்சம். அந்த ஆயிரத்துக்காக இந்த லட்சம் போய்விடுமோ என்று குடும்பமே குலை நடுங்குகிறது.

பயந்துபோன குடும்பம் என்ன செய்கிறது? வருவது வரட்டும் என்று காகிதத்தைக் கூரையில் செருகிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. அல்லது வட்டிக் கடைக்கு ஓடுகிறது. அல்லது "நான் பார்த்துக் கொள்கிறேன், இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று வாசலுக்கு வரும் தரகனை நம்பிவிடுகிறது. இந்த மூன்றுமே வீட்டைப் பறிகொடுக்கும் வழிகள். நான்காவது வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தத் தலையங்கம்.

ஏலம் என்பது இடி விழுவதுபோல ஒரே நாளில் வருவதல்ல. அதற்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் வீட்டுக்காரருக்கு ஒரு கதவு இருக்கிறது. கதவு இருப்பது நமக்குத் தெரியாது. அதிகாரி வலிய வந்து சொல்வதும் இல்லை. குறித்த நாளுக்குள், எழுத்து மூலமாக, கூட்டாகச் சென்று தட்டினால் அந்தக் கதவுகள் திறக்கும். நாள் கடந்து, தனி ஆளாக, வாய்ப் பேச்சாகத் தட்டினால் திறக்காது. விஷயத்தின் சாரம் இவ்வளவுதான்.

பாக்கி மலையாவது எப்படி?

வரி பாக்கி வைத்தவரெல்லாம் ஏமாற்றுக்காரர் என்று பேசுவது மேட்டுக்குடி வழக்கம். உண்மை என்ன?

2022-ம் வருடம் ஏப்ரலில் மாநில சர்க்கார் சொத்து வரியை ஏற்றியது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளிலும், நகரசபைகளிலும், பேரூராட்சிகளிலும் குடியிருக்கும் வீடுகளில் 600 சதுர அடிக்கு உட்பட்டவற்றுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு வந்தது. ஏன் என்று கேட்டால், மத்திய சர்க்காரின் 15-வது நிதிக் கமிஷனைக் காட்டினார்கள். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயித்து, வருடா வருடம் வசூலையும் கூட்டிக்காட்டினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்பது அந்தக் கமிஷன் போட்ட நிபந்தனை. டில்லி மாநிலத்தின் கையை முறுக்கியது; மாநிலம் நகரசபையின் கையை முறுக்கியது; நகரசபை நம் வீட்டுக் கதவைத் தட்டியது.

2023-ல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் இன்னொரு ஏற்பாட்டையும் செய்தன. அரையாண்டு பிறந்து 30 நாளுக்குள் வரி கட்டுபவருக்கு 5 சதவீதம், 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், ஊக்கத் தொகை. பிந்திக் கட்டுபவருக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. அதாவது கையில் காசு உள்ளவருக்குத் தள்ளுபடி. கையில் காசு இல்லாதவருக்குத் தண்டனை!

ஒரு கணக்குப் பாருங்கள். 700 சதுர அடி வீடு. அரையாண்டு வரி 600 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 50 சதவீத உயர்வில் அது 900 ஆகிறது. ஐந்து வருடம் கட்டாமல் போனால், பத்து அரையாண்டுக்கு 9,000 ரூபாய். அதன் மேல் மாதம் 1 சதவீத வட்டி ஏறத்தாழ 3,000. ஆக மொத்தம் 12,000 ரூபாய். 900 ரூபாயாக வந்தபோது கூலியில் பிடித்துக் கட்டியிருக்கலாம். 12,000 ரூபாயாக ஒரே நாளில் கேட்டால் எந்தத் தொழிலாளியால் கொடுக்க முடியும்?

புதுக்கோட்டை நகரம் 2024-ம் வருடம் ஆகஸ்டில் மாநகராட்சி ஆயிற்று. சுற்றியிருந்த பஞ்சாயத்துகள் அதோடு சேர்ந்தன. பஞ்சாயத்தின் வீட்டு வரி கட்டிக்கொண்டிருந்த விவசாயத் தொழிலாளி, வீட்டை விட்டு ஓர் அடிகூட நகராமலே மாநகராட்சியின் சொத்து வரி கட்டுபவர் ஆகிவிட்டார். கிராம பஞ்சாயத்துகளுக்கு மட்டும் உரிய வேலைத் திட்டமும் அவர் கையை விட்டுப் போகிறது. வருமானம் சுருங்கும் அதே நேரத்தில் வரி விரிகிறது.

பஞ்சாயத்துகளிலும் நிலைமை லேசல்ல. அங்கே வீட்டு வரி, கூரை வீடா, ஓட்டு வீடா, காங்கிரீட் வீடா என்பதைப் பொறுத்தது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நமது மாவட்டத்தின் கூரைகளையும் ஓடுகளையும் தென்னைகளையும் வாரிச் சென்றது. கடன் வாங்கிக் காங்கிரீட் போட்டுக்கொண்ட குடும்பத்துக்குக் கடனும் ஏறியது, வரியும் ஏறியது. மழை பொய்த்த வருடத்தில் நிலத்துக்குக் கிஸ்தி வஜா செய்யும் வழக்கம் இந்த நாட்டில் நெடுநாளாக இருக்கிறது. மில் கேட் சாத்தப்பட்ட வருடத்தில், புயல் அடித்த வருடத்தில், குடியிருக்கும் வீட்டின் வரிக்கு அப்படி ஒரு வஜா எங்கே?

உள்ளாட்சிக்கு வரி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெரு விளக்கும், குடிதண்ணீரும், சாக்கடையும், துப்புரவுத் தொழிலாளியின் சம்பளமும் வரியிலிருந்துதான் வரவேண்டும். வரி கட்டுவது குடிமக்கள் கடமை. ஆனால் கூலிக்காரர் குடியிருக்கும் ஒரே வீட்டை விற்றுத்தான் அந்தக் கடமையை நிறைவேற்ற வேண்டும் என்றால், அது வரி அல்ல; பறிமுதல்!

வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற சட்டம்

வீடு ஏலம் போகும் பாதையில் நிற்பது ஒரு பழைய சட்டம். 1864-ம் வருடத்து வருவாய் வசூல் சட்டம். நில வரிப் பாக்கிக்கும், நில வரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கலாம் என்று வேறு சட்டங்கள் சொல்லும் பாக்கிகளுக்கும் கலெக்டரும் அவரிடம் அதிகாரம் பெற்ற அதிகாரிகளும் பயன்படுத்துவது இதைத்தான்.

இது பிறந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தது உண்மை என்று சர்க்கார் அமைத்த கமிஷனே 1855-ல் ஒப்புக்கொண்டது. அதற்கு ஒன்பது வருடம் கழித்து வந்தது இந்தச் சட்டம். தட்டுமுட்டுச் சாமானை விற்கலாம், வீட்டையும் நிலத்தையும் விற்கலாம், ஆளையே பிடித்துச் சிறையில் அடைக்கலாம் என்று மூன்று ஆயுதங்களை அது கலெக்டர் கையில் கொடுத்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு இணைந்தபோது சென்னை மாகாணத்துச் சட்டங்கள் நமக்கும் வந்து சேர்ந்தன. மன்னர் போனார், வெள்ளைக்காரன் போனான், இந்தச் சட்டம் மட்டும் போகவில்லை.

ஆனால் வெள்ளைக்காரன் எழுதிய அதே சட்டத்தில் வீட்டுக்காரருக்குச் சில பாதுகாப்புகளும் இருக்கின்றன. அவை தெரியாமல் இருப்பது நமக்கு நஷ்டம். தெரிந்துகொண்டால் அவை நமக்கு ஆயுதம்.

காகிதம் வந்தவுடன் செய்ய வேண்டியது

முதலாவதாக, காகிதத்தை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஏலம் நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிற்காது, கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், நாள் ஓடிக்கொண்டிருக்கும். கிடைத்த தேதியை அதன் பின்புறம் எழுதி வையுங்கள். காகிதம் வந்தது மாநகராட்சி, நகரசபை, பஞ்சாயத்திலிருந்தா, தாசில்தாரிடமிருந்தா, பாங்கியிலிருந்தா என்று பாருங்கள். உள்ளாட்சியிலிருந்து வந்ததென்றால் நகரங்களுக்கு 1998-ம் வருடத்து நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும், கிராமங்களுக்கு 1994-ம் வருடத்து ஊராட்சிகள் சட்டமும் பேசும். தாசில்தாரிடமிருந்து வந்ததென்றால் பெரும்பாலும் அந்த 1864-ம் வருடத்துச் சட்டம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, கெடு வேறு. எழுத்துத் தெரியாத தோழர்கள் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டாவதாக, கணக்கைக் கேளுங்கள். எந்த எந்த அரையாண்டு பாக்கி? வீட்டின் அளவு எத்தனை சதுர அடி என்று பதிவாகியிருக்கிறது? ஓட்டு வீட்டைக் காங்கிரீட் என்று எழுதியிருக்கிறார்களா? குடியிருக்கும் வீட்டை, திண்ணையில் ஒரு பெட்டிக்கடை இருந்ததற்காக, முழுவதும் வியாபாரக் கட்டிடம் என்று சேர்த்துவிட்டார்களா? பழைய ரசீதுகளை எடுத்து ஒப்பிடுங்கள். பதிவேட்டின் நகல் வேண்டுமானால் 2005-ம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த 30 நாளில் நோட்டீஸின் கெடு தீர்ந்துவிடக் கூடாது. ஆகவே ஆட்சேபணை மனுவை முதலில் கொடுத்துவிட்டு, நகலைப் பிறகு கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். கவுண்டரில் நின்று சண்டை போட்டதற்குச் சாட்சி கிடையாது. முத்திரை குத்திய மனு நகல்தான் சாட்சி. நோட்டீஸில் குறித்த நாளுக்குள் கமிஷனருக்கோ, செயல் அலுவலருக்கோ, பஞ்சாயத்துக்கோ கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால், அனுப்பியதற்கு ரசீது வாங்குங்கள். ஆட்சேபணை இல்லாத பகுதியை, ஓர் அரையாண்டு வரியையாவது கட்டி, ரசீது வாங்குங்கள். மீதிக்குத் தவணை கேட்டு மனுவில் எழுதுங்கள். "கட்ட மறுக்கிறார்" என்று அதிகாரி கோப்பில் எழுத முடியாமல் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை.

நான்காவதாக, வரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நமது வீடுகளில் பலவற்றுக்குக் காலமான தகப்பனார் பெயரிலோ, பாட்டனார் பெயரிலோதான் வரி ஓடுகிறது. செத்தவர் பெயருக்கு நோட்டீஸ் வருகிறது. அண்ணன் கட்டுவார் என்று தம்பியும், தம்பி கட்டுவான் என்று அண்ணனும் இருந்துவிடுகிறார்கள். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். நத்தத்திலும் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். வரி ரசீது பட்டாவாகிவிடாது. ஆனால் இத்தனை வருடமாக இந்த இடத்தில் குடியிருக்கிறோம் என்று காட்ட அது ஒரு சாட்சி. ஒரு ரசீதையும் தொலைக்காதீர்கள்.

ஐந்தாவதாக, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். ஒருவராக அல்ல, தெருவில் நோட்டீஸ் வந்த அத்தனை குடும்பமும் சேர்ந்து போங்கள். பஞ்சாயத்தாக இருந்தால் கிராம சபையில் வீட்டு வரிப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். மே தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆறாவதாக, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று ஒதுங்காதீர்கள். 1987-ம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிகளுக்கும், புயல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச வக்கீல் தருகிறது. ஆலைத் தொழிலாளி என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது, தோழர்களே! மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் கேட்கலாம்.

ஏல நாள் குறித்துவிட்டால்?

அப்போதும் கதை முடிந்துவிடவில்லை. 1864-ம் வருடத்துச் சட்டத்தின்படி, ஜப்திக்கு முன் எழுத்து மூலம் பாக்கியைக் கேட்க வேண்டும். ஏலத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கலெக்டர் ஆபீஸிலும், தாலுகாக் கச்சேரியிலும், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலும், சம்பந்தப்பட்ட இடத்திலும் ஏல நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அதில் எந்தச் சொத்து, எவ்வளவு பாக்கி, எந்த இடம், எந்த நேரம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் குறித்து வையுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் உதவும்.

ஏலத்துக்கு முந்தின நாள் சூரியன் மறைவதற்குள் பாக்கியையும் வட்டியையும் செலவையும் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏலம் நின்றுவிடும். சூரியன் மறைவதற்குள் என்றே சட்டம் சொல்கிறது. பாக்கிக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். அந்தச் சொத்தில் பாத்தியதை உள்ள எவரும் கொடுக்கலாம். வெளியூர் மில்லில் வேலைக்குப் போன கணவருக்காக மனைவி கொடுக்கலாம். தெருவே சேர்ந்து வசூல் செய்து கொடுக்கலாம்.

பாக்கியைத் தீர்க்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் சொத்தை விற்கக் கூடாது என்பதும், இயன்ற வரையில் என்ற அடையோடு, அதே சட்டத்தில் இருக்கிறது. கொல்லையில் இரண்டு சென்ட் விற்றால் தீரும் பாக்கிக்குக் குடியிருக்கும் வீட்டையே ஏலத்தில் ஏற்றினால், இந்த ஷரத்தைக் காட்டி எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும்.

ஏலம் நடந்து முடிந்துவிட்டதா? இன்னும் 30 நாள் இருக்கிறது. அந்த 30 நாளுக்குள் பாக்கி, வட்டி, செலவு ஆகியவற்றோடு, ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் சேர்த்துத் தாலுகாக் கஜானாவில் கட்டி, ஏலத்தை ரத்து செய்யும்படி மனுச் செய்யலாம். பணம் இல்லையென்றால் இன்னொரு வழி: ஏலத்தை அறிவித்ததிலோ நடத்தியதிலோ முறைகேடோ, தவறோ, மோசடியோ இருந்து, அதனால் தமக்குப் பெரும் நஷ்டம் ஏற்பட்டது என்று நிரூபித்து, அதே 30 நாளுக்குள் ரத்து கேட்கலாம். ஒட்டாத நோட்டீஸ், சொல்லாத இடம், அடிமாட்டு விலை, எல்லாம் அங்கேதான் பேசும். 30 நாள் கழிந்து ஏலம் உறுதியாகிவிட்டால் பிறகு போராட்டம் கடினம். ஹைகோர்ட்டுக்குப் போவதானால் நமது மாவட்டத்துக்கு மதுரைக் கிளை.

பாங்கிக்காரர் வீட்டுக் கடனுக்காக நடத்தும் ஏலம் வேறு வகை. அது 2002-ம் வருடத்துச் சர்ஃபாசி சட்டத்தில் வருகிறது. அதில் முதல் நோட்டீஸுக்கு 60 நாள் கெடு. வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்துவிட்டால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே கடனைத் தீர்த்தால்தான் வீடு மீளும். வரி ஏலத்தில் முந்தின நாள் மாலை வரை நேரம் இருக்கிறதே என்று பாங்கி ஏலத்திலும் காத்திருந்தால் வீடு போய்விடும். ஜாக்கிரதை!

தரகன் நீட்டும் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 12,000 ரூபாய்ப் பாக்கியை அடைக்கக் கந்துவட்டி வாங்காதீர்கள். அநியாய வட்டியைத் தடுக்க 2003-ம் வருடத்திலிருந்தே இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. ஆனால் மாதம் 1 சதவீத வட்டிக்குப் பயந்து மாதம் 10 சதவீத வட்டியில் போய் விழுந்தால், எந்தச் சட்டம் வந்து தூக்கிவிடும்?

மற்ற ஊர்களின் அனுபவம்

வரிக்கு எதிராக மக்கள் எழுவது புதிதல்ல. இதே புதுக்கோட்டையில், சமஸ்தான தர்பார் விதித்த வரிகளை எதிர்த்து 1931-ல் நகரமே கொந்தளித்தது.

பஞ்சாயத்து நகரமாக மாறும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சென்னை மாகாணத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. நெசவாளிகள் நிறைந்த சீராலா, பேராலா என்ற இரண்டு ஊர்களையும் சேர்த்து முனிசிபாலிடி ஆக்கினார்கள். வரி பன்மடங்கு ஏறியது. எங்களுக்கு முனிசிபாலிடி வேண்டாம் என்றார்கள் மக்கள். சர்க்கார் கேட்கவில்லை. 1921-ல், துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவின் தலைமையில், ஊர் மக்களில் பெரும்பாலோர் வீடுகளைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே ராம்நகர் என்று குடிசை போட்டு, ஏறத்தாழ பதினொரு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். அந்த மன உறுதிக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் தலைவர் சிறை சென்றார். மக்கள் முடிவில் திரும்பிவர நேர்ந்தது. வீட்டை விட்டு வெளியே போவது அல்ல, வரி போடும் சபைக்கு உள்ளே போவதுதான் வழி என்பது அந்தத் தியாகத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம். அன்று அவர்களில் பலருக்கு ஓட்டு இல்லை. இன்று நம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

குஜராத்தில் பர்தோலி தாலுகாவில் நில வரியைச் சுமார் 22 சதவீதம் உயர்த்தினார்கள். 1928-ல் குடியானவர்கள் கட்ட மறுத்தார்கள். எருமையும் நிலமும் ஜப்தியாயின, ஏலத்துக்கு வந்தன. ஊர் பிளவுபடவில்லை. விசாரணை வைக்க வேண்டியதாயிற்று. விசாரணைக்குப் பின் உயர்வு சுமார் 6 சதவீதத்துக்கு இறங்கியது.

கடல் கடந்தும் பார்ப்போம். பணக்கார நாடுகளுக்கெல்லாம் பணக்கார நாடு அமெரிக்கா. அங்கே மின்னசோட்டா மாநிலத்தில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் வீட்டை வரிப் பாக்கிக்காக எடுத்துக்கொண்டார்கள். வரி சுமார் 2,300 டாலர். வட்டியும் அபராதமும் செலவும் சேர்ந்து 15,000 டாலர் ஆயிற்று. வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரையும் உள்ளூர் சர்க்காரே விழுங்கிவிட்டது! 2023 மே மாதம், டைலருக்கு 94 வயதாகியிருந்தபோது, அது அநியாயம் என்று அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வட்டியும் செலவும் வரியையே விழுங்கும் கதை நமக்கு மட்டும் உரியதல்ல.

மோட்டார் தொழிலாளிகளின் நகரமான டெட்ராய்ட்டிலோ, 2009-க்குப் பிந்தைய சில வருடங்களில் மூன்றில் ஒரு வீடு வரிப் பாக்கிக்குப் போனது. வீடுகளை உண்மை மதிப்புக்கு மேல் மதிப்பிட்டு வரி போட்டது பிறகு அம்பலமாயிற்று. கணக்கைக் கேளுங்கள் என்று நாம் சொல்வது ஏன் என்பது இப்போது விளங்கும்.

அதே அமெரிக்காவில் 1932-33 பஞ்ச காலத்தில் குடியானவர்கள் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். கடனுக்காக ஒருவருடைய பண்ணை ஏலத்துக்கு வந்தால், சுற்று வட்டாரமே திரண்டு வந்து நிற்கும். ஒருவர் சில காசுகளுக்குக் கேட்பார். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். ஏலம் எடுத்தவர் சொத்தைச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். விளைவு? மின்னசோட்டா உட்பட பல மாநிலங்கள் ஏலத்தைத் தள்ளிப்போடும் சட்டம் இயற்றின. ஒரு வீட்டுக்கு வந்த ஆபத்தைத் தம் வீட்டுக்கு வந்ததாக அண்டை வீட்டார் நினைத்த இடத்தில்தான் சட்டம் வளைந்து கொடுத்தது.

நமது கோரிக்கைகள்

கடன் கொடுத்தவர் கோர்ட்டில் டிகிரி வாங்கி வந்தால், விவசாயியோ, தொழிலாளியோ, வீட்டு வேலைக்காரரோ தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை ஜப்தி செய்யக் கூடாது என்று 1908-ம் வருடத்து சிவில் நடைமுறைச் சட்டம், 60-வது பிரிவில், சொல்கிறது. சமையல் பாத்திரமும், படுக்கையும், ஏர் மாடும், விதை நெல்லும், கைத்தொழில் கருவியும், பெண்ணின் கழுத்துத் தாலியும்கூட அதில் விலக்கு. (அடமானம் எழுதிக் கொடுத்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு உதவாது என்பதை நினைவில் வையுங்கள்.) தனியார் கடன்காரர் தொடக்கூடாத கூலிக்காரரின் குடிசையை, அவர் ஓட்டுப் போட்டு அமைத்த சர்க்கார் தொடலாமா? மக்கள் சர்க்கார் என்று சொல்லிக்கொள்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது:

வேறு வீடு இல்லாத உழைப்பாளி குடும்பம் குடியிருக்கும் வீட்டை எந்த வரிப் பாக்கிக்கும் ஏலம் விடுவதில்லை என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பாக்கியைத் தவணையில் கட்டுவது அதிகாரியின் தயவாக இல்லாமல், வீட்டுக்காரரின் உரிமையாக வேண்டும். தவணை தவறாதவரை வட்டி ஓடக் கூடாது.

வேலை இழந்த வருடத்துக்கும், புயல், வறட்சி பாதித்த வருடத்துக்கும் வீட்டு வரியில் வஜா வேண்டும்.

மாநகராட்சியோடு சேர்ந்த கிராமங்களில், தெரு விளக்கும் குடிதண்ணீரும் சாக்கடையும் நகரத்துக்குச் சமமாக வந்து சேரும்வரை பழைய வரியே நீடிக்க வேண்டும்.

வார்டு வாரியாகப் பாக்கிப் பட்டியலை, பெரிய பாக்கி முதலில் என்ற வரிசையில், வெளியிட வேண்டும். வசூலும் அந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். கல்யாண மண்டபமும் வணிக வளாகமும் கோர்ட்டில் தடை வாங்கிக்கொண்டு வருடக் கணக்கில் நிற்கும்போது, குடிசையின் குழாயை அறுக்கும் வீரம் நமக்கு வேண்டாம்.

கோரிக்கை மனுவில் மட்டும் இருந்தால் போதாது. தெருவில் இருக்க வேண்டும். புதுக்கோட்டையிலும், அறந்தாங்கியிலும், ஆலங்குடி, கீரனூர், இலுப்பூர், பொன்னமராவதி, கறம்பக்குடி, கீரமங்கலம், அன்னவாசல், அரிமளம் பேரூர்களிலும் உள்ள ஆலைத் தொழிலாளர் சங்கக் கிளைகளும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் உடனடியாக ஒரு வேலையைச் செய்யலாம். தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் கெடு என்று எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு வாலிபர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த நோட்டைப் பார்த்து, கெடு நெருங்கும் வீட்டுக்குப் போய் மனு எழுதிக் கொடுக்கட்டும். திங்கட்கிழமை எல்லோருமாகக் கலெக்டர் ஆபீஸுக்குப் போகட்டும். நம் தெரு வீடு ஏலத்துக்கு வந்தால் நம் தெருவார் யாரும் அதைக் கேட்பதில்லை என்று ஊர்க் கூட்டத்தில் கட்டுப்பாடு செய்துகொள்ளட்டும்.

அதிகாரியின் பலம் நமது அறியாமையிலும், நமது தனிமையிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் போக்கிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள், தோழர்களே!